ஐகான்களுக்கு அடியில் ஒரு கடற்கரை

மார்கழி 18

செங்கல்பட்டு கொளவாய் ஏரியில் காலைப் பனி. ரயில் பாதைப் பக்கமாக நடந்துபோனேன். கரையும் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பலில் கலந்திருந்தன. பரனூர் பக்கமிருந்து வந்த லோக்கல் ட்ரெயின் மட்டும் அதைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. புதுத் தொகுப்பின் முதல் வால்பேப்பர் இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைத் திறக்காமல்தான் வரைய உட்கார்ந்தேன். போட்டோ பக்கத்தில் இருந்தால் கை அதைப் பார்த்து அப்படியே எழுதப் பார்க்கும். ஏரியும் ரயிலும் வேண்டாம். மூன்று சாம்பல், நடுவில் ஓர் ஈரம், அவ்வளவு போதும். ஒரு நாளில் எத்தனையோ முறை கண்ணில் படப்போகிற படம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நாலாம் நாளே சலித்துவிடும். அரூப ஓவியம் போனுக்குப் பொருந்துவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அது கதை சொல்வதில்லை. பார்க்கிறவருடைய அன்றைய மனநிலைக்கு இடம் கொடுக்கிறது.

மார்கழி 21

டேப்லெட்டில் பனி மாதிரி இருந்தது, போனில் போட்டதும் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. இருண்ட கிரேடியண்டுகளின் பழைய வியாதி. சாதாரணக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. நான் எடுத்துக்கொண்ட சாம்பல் 8-இல் தொடங்கி 40-இல் முடிகிறது. அதாவது 32 படிகள். போன் திரையின் உயரமோ 2400 பிக்சல். ஒவ்வொரு படியும் 75 பிக்சல் அகலத்துக்குப் பட்டையாக நின்றுவிடுகிறது. கண் அந்த விளிம்பை உடனே பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து, படத்தின் மேல் மிக மெல்லிய நாய்ஸ் தூவுவது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் நிறம் கொஞ்சம் முன்பின்னாகச் சிதறினால் பட்டையின் ஓரம் கரைந்துபோகும். அதிகம் தூவினால் அழுக்கு, குறைத்துத் தூவினால் பட்டை. மென்பொருள் தருகிற நாய்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே சீராக விழுகிறது. பனி அப்படி விழுவதில்லை. தண்ணீருக்கு அருகில் அடர்ந்தும் மேலே போகப்போக மெலிந்தும் இருந்தது. அதனால் கீழே ஒரு லேயர், மேலே ஒரு லேயர் என்று பிரித்துக் கையாலேயே தூவினேன். ராத்திரி வெகு நேரமாகிவிட்டது. ஆனால் இப்போது போனில் பார்த்தால் கண் எங்கேயும் இடறாமல் மேலே ஏறிப்போகிறது.

தை 5

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். கடற்கரைக் கோயில் பக்கம் கூட்டம். நான் போனது முடிக்காமல் விட்ட குடைவரைகளைப் பார்க்க. முடிந்த சிற்பத்தைப் பார்க்க ஆயிரம் பேர் வருகிறார்கள். பாதியில் நின்ற பாறைதான் எனக்குப் பாடம் நடத்துகிறது.

அந்தப் பாறை முகத்தில் கட்டங்கள் இருக்கின்றன. பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி வெட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் உடைத்து எடுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். உடைத்தெடுத்த சதுரத்தின் அடியில் உளியின் புள்ளிகள் வரிசையாக இறங்குகின்றன. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்ன நிழல். கிட்டே நின்றால் புள்ளி, பத்தடி தள்ளி நின்றால் ஒரே சாம்பல் பரப்பு.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். இங்கே 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் படித்தவர். “இப்பவும் கட்டம் போட்டுத்தாண்ணே எடுக்கிறீங்களா?”

“பெரிய கல்லுன்னா கோடு போடாம கை வைக்க முடியாதும்மா. கட்டர் வந்திடுச்சு, கிரைண்டர் வந்திடுச்சு. ஆனா எங்கே நிறுத்தணும்னு மெஷினுக்குத் தெரியாது. மேல்தோலு மட்டும் இன்னும் உளிதான்.”

ஒரு விநாயகரின் முதுகுப் பக்கத்தைக் காட்டினார். முன்பக்கம் கண்ணாடி போலத் தேய்த்திருந்தது. முதுகில் உளிக்கொத்தை அப்படியே விட்டிருந்தார். வழவழப்பும் சொரசொரப்பும் சந்திக்கிற அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அடுத்த படம் அந்த ஓரம்தான்.

தை 12

ஈஞ்சம்பாக்கம், சோழமண்டலம் ஓவியர் கிராமம். இந்தக் கடலோரம் முழுவதும் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டமாகத்தான் இருந்தது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு நின்ற இளம் ஓவியர்களும் இங்கே மணல்மேட்டில் நிலம் வாங்கி ஊர் அமைத்தார்கள். நிலத்துக்குப் பணம் ஓவியம் விற்று வரவில்லை. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். மெழுகு ஊற்றி, சாயம் தோய்த்துத் துணி செய்த அதே கை பிறகு கேன்வாஸில் இறங்கியது.

வால்பேப்பர் செய்கிறேன் என்று சொன்னால் “அது சரி, ஓவியம் எப்போ வரையப் போறே?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அவர்களை நான் சோழமண்டலத்துக்கு அழைத்து வர வேண்டும். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த துணி வேலை அந்த ஓவியர்களைச் சின்னவர்களாக்கிவிடவில்லை. எந்த இடத்தில் மெழுகு நிற்க வேண்டும், எங்கே சாயம் கசியலாம் என்ற கணக்கு துணிக்கும் கேன்வாஸுக்கும் ஒன்றுதான்.

பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் தீரவில்லை. எழுத்து போல, ஜாதகக் கட்டம் போல, கணக்குப் புத்தகம் போல இருக்கும், வாசிக்க முடியாது. வாசிக்க முடியாததால்தான் முழுதாகப் பார்க்கிறோம். ஊரைத் தொடங்கியவர்களில் ஒருவரான விசுவநாதன், பாரிஸுக்குப் போன பிறகும், இந்தியக் கடற்கரை நெடுக மணல் அள்ளிச் சேர்த்தார். மணலின் நிறம் ஊருக்கு ஊர் மாறும் என்பதை இந்தக் கரையில் நடக்கிறவர்கள் அறிவார்கள். கோவளத்து மணலும் சதுரங்கப்பட்டினத்து மணலும் எனக்கே வேறு வேறாகத் தெரிகின்றன.

தை 20

உளிக்கொத்துப் படத்தில் ஐகான் வைத்துப் பார்த்தேன். தனியாக நன்றாக இருந்தது. நாலு வரிசை ஐகான் ஏறியதும் மூச்சு முட்டியது. புள்ளிகள் எழுத்தோடு சண்டை போடுகின்றன. லாக் ஸ்கிரீனிலும் இதே நெருக்கடிதான்: மேல்பக்கம் மணி வரும், கீழே விரல் வரும், நடுவில் அறிவிப்புகள் வரும். படத்துக்கென்று எஞ்சுவது வலது ஓரத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டில்தான் கரடுமுரடை வைக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் தேய்த்த கல்.

விநாயகரின் முன்பக்கமும் முதுகும் நினைவுக்கு வந்தன. இடமாற்றியதும் படம் உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல், போன் வால்பேப்பரிலிருந்து நிறத்தை எடுத்துப் பொத்தான்களுக்கும் மெனுவுக்கும் பூசிக்கொள்ளும் வசதி வந்தது. நான் மூலையில் வைக்கிற ஒரு துளிக் காவி, யாரோ ஒருவரின் கால்குலேட்டரில் போய் நிற்கலாம். அதனால் மூலை நிறத்தைக்கூட ஏனோதானோ என்று வைக்க மனம் வரவில்லை. ஓலெட் திரையில் முழுக் கறுப்பு என்றால் அந்தப் பிக்சல் எரிவதே இல்லை; பாட்டரி மிச்சம் என்று கறுப்பு நிறையக் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் கல்லின் நிழல் முழுக் கறுப்பு இல்லை, உள்ளே கொஞ்சம் பச்சை ஓடுகிறது. நிழலில் அந்தப் பச்சையை வைத்துக்கொண்டு, மேல் ஓரத்தை மட்டும் கறுப்பாக்கினேன். முன் கேமராவின் ஓட்டையும் அதில் மறைந்துவிட்டது.

மாசி 4

கோவளம் பக்கத்து உப்பளம். பாத்திகள். ஒன்று வெள்ளை, ஒன்று தவிட்டு நிறம், ஒன்று வானம். மேலிருந்து பார்த்தால் ஏற்கெனவே யாரோ வரைந்துவிட்ட அரூப ஓவியம். நான் செய்ய ஒன்றுமில்லை. படம் எடுக்காமல் திரும்பினேன்.

மாசி மகம்

இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடியிருந்தார்கள். சுற்று மாவட்டங்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். விடிகாலையில் ஈர மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனுக்குப் பூசை. கலியாணம் பேசுவதும் முடிப்பதும் இங்கேதான். பூசைப் பக்கம் நான் கேமராவைத் தூக்கவில்லை. அது அவர்களுடையது, என் தொகுப்புக்கான சரக்கு இல்லை.

கூடாரத்தின் நிழலில் ஓர் அக்கா உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். தலைக்கு மேல் மஞ்சள் புடவை, அதன்மேல் பாதிக்கு ஊதாப் புடவை. வெயில் ஏறியதும் மஞ்சள் தனியாக இருந்த இடம் எரிந்தது. ஊதா மட்டும் இருந்த இடம் இருட்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த பட்டையில் மட்டும் சுட்ட செங்கல் நிறம். காற்றடித்தால் பட்டை அகலும், நின்றால் சுருங்கும். துணியின் இழை தெரிந்தது. நான் மார்கழியில் கையால் தூவிய நாய்ஸ் இங்கே நூலாகவே இருந்தது.

மென்பொருளில் இதற்கு மல்டிப்ளை என்று ஒரு லேயர் முறை உண்டு. மஞ்சளையும் ஊதாவையும் வைத்து அந்தச் செங்கல் வருகிறதா என்று பஸ்ஸிலேயே போட்டுப் பார்த்தேன். வந்தது மண், செங்கல் இல்லை. புடவைக்குப் பின்னால் வெயில் இருந்தது, திரையில் அது இல்லை. அடியில் வெளிர் ஆரஞ்சில் ஒரு லேயர் கொடுத்ததும் சூடு ஏறியது.

மாசி 22

தொகுப்பு அனுப்பியாயிற்று: ஏரி, உளி, புடவை. “இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணித் தரலாமா?” என்று பதில் வந்திருக்கிறது. புடவையைப் பளிச்சென்று ஆக்கலாம், வெயில் தாங்கும். ஏரியை மாட்டேன். பளிச்சென்று ஆனால் பனி போய்விடும், பிறகு வெறும் சாம்பல் கோடுகள்தான் மிஞ்சும் என்று காரணத்தோடு எழுதிவிட்டேன்.

அடுத்ததற்குப் பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போக வேண்டும். கோடை முற்றி ஆறு வெறும் மணலாவதற்குள் போனால் ஆற்றுத் தண்ணீரின் பழுப்பும் கடலின் பச்சையும் எங்கே பிரிகின்றன என்று பார்க்கலாம். அந்தக் கோட்டைத் திரையில் செங்குத்தாக வைத்துப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது. செங்குத்து என்றால் ஐகான்கள் அதன் இரு பக்கமும் ஒதுங்கிக்கொள்ளும்.