முதற் சம்பளமும் ஆயுட் காப்பும்

வாலிபர்க்கு மரணத்தைப் பற்றிய பேச்சு எட்டிக்காயினும் கசப்பது. பத்தொன்பது பிராயத்தினராகிய யாமும் அதற்கு விலக்கல்லேம். எனினும், 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் இல்லத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று அப்பேச்சை யாம் செவி கொடுத்துக் கேட்குமாறு செய்தது. விரைவிற் கல்லூரியை விட்டுத் தொழில் நாடிச் செல்லவிருக்கும் எம் தோழர்கட்கும் அது பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தனம்.

எம் தமையனார்க்குக் கோயம்புத்தூரில் பம்பு செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 26,000 ரூபாய். முதற் சம்பளத்தோடு அவர் பாளையங்கோட்டை வந்து, பணத்தை அன்னையார் கையில் வைத்து, யாவரும் ஜெபம் செய்து எழுந்தோம். அன்று மாலையே மாமா ஒருவர் வந்தனர். அன்னையார்க்கு ஒன்றுவிட்ட தமையனார் முறையினர், இன்ஷ்யூரன்ஸ் ஏஜண்டு. "மருமகனே, வருஷம் 25,000 ரூபாய் கட்டினாற் போதும், இருபது வருஷம் கழித்து ஐந்து லட்சமும் போனஸும் கைக்கு வரும், நடுவில் ஏதேனும் நேர்ந்தாலும் ஐந்து லட்சத்துக்குக் குறைவில்லை" என்று கூறிப் பாரத்தை நீட்டினர்.

தமையனார் கையெழுத்திடவில்லை, இரண்டு நாள் தவணை கேட்டனர். அதற்குக் காரணம் உண்டு.

எம் தந்தையார் அச்சுக்கூடமொன்றில் வேலை செய்தவர். 2019ஆம் ஆண்டில் மாரடைப்பினால் ஒரே இரவில் எம்மைப் பிரிந்தனர். அப்பொழுது எமக்கு வயது பதின்மூன்று, தமையனார்க்குப் பதினேழு. தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது இரண்டு பாலிசிகள் இருந்தன. இரண்டும் நண்பர் முகத்தை முறிக்கமாட்டாமல் எடுத்தவை. ஒன்று தவணை கட்டாமையாற் காலாவதியாகிக் கிடந்தது. மற்றொன்றினாற் கிடைத்தது 75,000 ரூபாய். அடக்கச் செலவும் கைமாற்றுக் கடனும் போக எஞ்சியது, நான்கு மாத வாடகைக்கும் அரிசிக்குமே காணவில்லை. தமையனார் படிப்பை நிறுத்தி ஜவுளிக்கடையில் இரண்டாண்டு துணி மடித்தனர். அதன் பின்னரே பாலிடெக்னிக்கிற் சேர்ந்தனர். தந்தையார் எம்மை நேசியாதவர் அல்லர். 'எனக்கு எவ்வளவு திரும்பி வரும்?' என்று கேட்கவே அவர்க்குப் பிறர் கற்பித்தனர். 'யான் இல்லையேல் இவர்கட்கு எவ்வளவு வேண்டும்?' என்று கேட்க ஒருவரும் கற்பிக்கவில்லை.

அன்றிரவு தமையனாரும் யாமும் அந்த இரண்டாவது வினாவை எடுத்துக்கொண்டு காகிதமும் பென்சிலுமாக அமர்ந்தோம். குடும்பச் செலவு மாதம் 14,000 ரூபாய், ஆண்டுக்கு 1,68,000. ஐந்து லட்சம் மூன்றாண்டுக்கும் போதாது என்பது அப்பொழுதே வெளிப்பட்டது. பதினைந்தாண்டுக்குக் கணக்கிட்டால் 25,20,000. அதனோடு எம் படிப்பையும், மீந்த கடனையும், ஏறும் விலைவாசியையும் கூட்டி, 50 லட்சம் என்று முடிவு கட்டினோம். அத்தொகைக்கு டெர்ம் பாலிசி எடுப்பின், இருபத்துமூன்று வயதினர்க்கு ஆண்டுப் பிரிமியம் ஆறாயிரம் ரூபாய் அளவே ஆகும் எனக் கண்டோம். இதில், குறித்த காலம் முடியும் வரை உயிரோடிருப்பவர்க்கு ஒன்றும் திரும்பி வாராது. பலர் சிறுகச் செலுத்துவது, அவருள் இறப்பார் சிலருடைய குடும்பத்துக்குச் செல்லும். இளையோருள் இறப்பார் மிகச் சிலர் ஆதலின் அவர்க்குப் பிரிமியமும் குறைவு.

"கட்டின பணமெல்லாம் வீணாய்ப் போகாதா, ராசா?" என்றனர் அன்னையார்.

"அம்மா, காவற்காரன் இரவெல்லாம் நிற்கிறான், திருடன் வரவில்லை. அவனுக்குக் கொடுத்த கூலி வீணா?" என்றனர் தமையனார்.

அன்னையார் நகைத்தனர், எனினும் ஓர் ஐயம் அவர்க்கு எஞ்சியிருந்தது. வானத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டிப் போதித்த ஆண்டவரை நம்புவோர் இங்ஙனம் சாவுக்குக் கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாதோ என்றனர். அதற்கு விடை கூறும் பேறு எமக்கு வாய்த்தது. ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர் என்னும் போதகர் இருவர், இறந்த போதகரின் மனைவி மக்கள் தெருவில் நில்லாதபடி, 1744ஆம் ஆண்டில் ஒரு நிதியை நிறுவினர். கணித அறிஞர் காலின் மெக்லாரின் அதன் கணக்கைச் சரிபார்த்து உதவினர். நம் திருநெல்வேலி மிஷனிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே விதவைகள் நிதி ஏற்பட்டது. பஞ்சம் வருமுன் களஞ்சியம் கட்டிய யோசேப்பும் அவிசுவாசி அல்லன். தன் வயிற்றைக் குறித்து ஏங்குவது வேறு. பிறர் வயிற்றைக் குறித்து எண்ணுவது வேறு. இவ்வாறு யாம் கூறவே அன்னையார் அமைதியுற்றனர்.

இனி, பாரத்தை நிரப்பும் படலம். பரிமேலழகர் உரைக்கு அஞ்சாத யாம் அப்பாரத்தின் பொடியெழுத்துக்கு அஞ்சினோம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அதில், முன்பு நோயுற்றதுண்டா என்றொரு வினா இருந்தது. தமையனார்க்குப் பன்னிரண்டு வயது வரை இழுப்பு நோய் உண்டு. இருமுறை ஆஸ்பத்திரியிற் கிடந்தனர். வாக்களித்தபடி மூன்றாம் நாள் வந்த மாமா, தாம் கூறிய பாலிசியை யாம் ஏற்காமையால் முகம் சிறிது வாடினும், அன்பு மாறாமல் அருகமர்ந்து, "அதை எழுதாதே, மருமகனே, எழுதினாற் பிரிமியம் ஏறும். மூன்று வருஷம் கடந்துவிட்டால் ஒருவரும் கேட்கமுடியாது" என்றனர். அவர் கூறியதிற் சட்டப் பிழை இல்லை. 1938ஆம் ஆண்டு இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015இற் செய்த திருத்தத்தின்படி, மூன்றாண்டு கடந்த பாலிசியை எக்காரணங் காட்டியும் மறுக்க இடந்தராது.

தமையனார் சிறிது நேரம் பேசாதிருந்தனர். பின்னர், "மாமா, அந்த மூன்று வருஷத்துக்குள் நான் போய்விட்டால், அம்மா யாரிடம் போய் வழக்காடுவார்கள்? அதுவன்றியும், மூன்று வருஷம் கழிந்தாற் பொய் மெய்யாகிவிடுமா?" என்று கேட்டு, உள்ளதை உள்ளவாறே எழுதினர். வைத்தியப் பரிசோதனை நடந்தது. பிரிமியம் ஆண்டுக்கு 1,100 ரூபாய் ஏறிற்று. அவர் மறுமொழி கூறாமற் செலுத்தினர். தொழிற்சாலை தரும் வைத்தியக் காப்பு வேலையை விட்டால் நின்றுபோகும் என்றறிந்து, அன்னையார்க்கும் தமக்கும் தனியே ஒரு வைத்தியப் பாலிசியும் எடுத்தனர்.

எம் பங்கு யாது? எம்மை நம்பி உண்பார் இலர். ஆதலின் ஆயுட் பாலிசி எமக்கு இப்பொழுது வேண்டுவதன்று. ஆயினும், விபத்தினால் அங்கங்களை இழந்து தமையனார்க்குச் சுமையாதல் கூடும் அன்றோ? 2015இல் ஏற்பட்ட சுரக்ஷா பீமா திட்டத்துக்கு, 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். விபத்தில் இறப்பினும் முற்றும் ஊனமுறினும் இரண்டு லட்சம். பதினெட்டு முதல் எழுபது வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குடையார் யாவரும் சேரலாம். பாங்கிக்குச் சென்று அதிற் சேர்ந்தோம். வாரிசு என்னும் கட்டத்தில் அன்னையார் பெயரை எழுதுகையில் எம் கை சிறிது நடுங்கிற்று.

தோழர்காள்! முதற் சம்பளம் பெறும் நாளிற் பலர் பல பாரங்களை நீட்டுவர். கையெழுத்திடுமுன் இரண்டாவது வினாவைக் கேளுங்கள். விடையை மெய்யாகவே எழுதுங்கள். எம் தந்தையாரின் தகரப்பெட்டி இன்றும் எம் வீட்டில் உள்ளது. அதனுள் இப்பொழுது தமையனாரின் பாலிசி இருக்கின்றது. அது என்றும் பயன்படாமலே கிடந்து செல்லரிக்க வேண்டும் என்பதே எம் அன்னையாரின் அன்றாட ஜெபம், எம்முடையதும் அதுவே.