பட்டறையும் மெய்நிகர்க் கண்ணாடியும்

தாராபுரம் உடுமலைச் சாலையில் நம் அத்தா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெல்டிங் பட்டறை நடத்தினார். டிராக்டர் டிரெய்லர், கிரில் கதவு, உடைந்த கலப்பை என்று எது வந்தாலும் ஒட்டிக் கொடுப்பார். மூத்த மகனாகிய நாம் அத்தொழிலைக் கற்க முயன்று, தோற்று, தமிழ் படிக்கப் போனோம். பதினைந்தாம் வயதில் கண்ணாடிப் பலகையை ஒரு நொடி விலக்கிப் பார்த்ததன் பயனாக, அன்றிரவு கண்ணில் மணலை அள்ளிக் கொட்டினாற்போல் துடித்தோம். அம்மா வெள்ளரித் துண்டுகளை இமைமேல் வைத்தபடி விடியும்வரை அருகிருந்தார். "இவனுக்குக் கை வராது, நாக்குத்தான் வரும்" என்று அத்தா சொன்னது மறுநாள் காலையில்.

இப்பழங்கதை மீண்டும் நினைவுக்கு வரக் காரணம் நம் அக்காவின் மகன். சென்ற ஆண்டு அவன் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் கற்றான். எந்த நிலையம் என்பது இங்கு வேண்டா. தலையில் ஒரு கண்ணாடிக் கவசத்தை மாட்டி, மின்சாரம் பாயாத ஹோல்டரைக் கையில் பிடித்தால், கண்முன் தகடும் தீப்பிழம்பும் தோன்றும். பொறி பறக்கும், ஆனால் சுடாது. ராடும் இரும்பும் வீணாகா. ஒவ்வொரு முறையும் கருவியே மதிப்பெண் இடும். மருமகன் 94 வாங்கினான். வீடு முழுவதும் மகிழ்ச்சி.

பிறகு அவன் பட்டறைக்கு வந்தான். உண்மையான ராடு மும்முறை தகட்டில் ஒட்டிக்கொண்டது. நான்காம் முறை தகடு ஓட்டையாயிற்று. "அங்கே நான்தான் மாமா முதல்ல வந்தேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. மறு வாரமே திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டான். நமக்குச் சுருக்கென்றது. நாம் பட்டறையை விட்டு வெளியேறிய நாளின் முகம் அவனிடம் தெரிந்தது.

அக்கருவியைக் காண வேண்டுமென்று அந்நிலையத்தாரிடம் கேட்டோம். அன்புடன் அனுமதித்தனர். அணிந்து பார்த்தபோது பிழம்பின் அருகே ஓர் அம்பு, ஒரு வட்டம், நகரும் ஒரு கோடு தெரிந்தன. அம்பு இடைவெளியையும், வட்டம் சாய்வையும், கோடு வேகத்தையும் காட்டின. சரியாயின் பச்சை, பிழையாயின் சிவப்பு. நாம் பச்சையைத் துரத்தினோம். கிடைத்த மதிப்பெண் 81! கை வராதவர் என்று பெயரெடுத்த நமக்கு எண்பத்தொன்று என்றால் ஐயம் வராதா? கவசத்தைக் கழற்றிய பின் நம்மை நாமே கேட்டுக்கொண்டோம்: உருகிய இரும்பு எந்நிறத்தில், எவ்வளவு அகலத்தில் கிடந்தது? விடை இல்லை. நாம் அதைப் பார்க்கவே இல்லை.

அம்புகளை அணைக்க முடியுமா என்று கேட்டோம். "முடியும் சார். அணைச்சா மார்க் குறைஞ்சுபோகும், பசங்க சோர்ந்துடுவாங்க" என்றார் பயிற்றுநர்.

ஒரு கருவி கற்பவனின் கையிடம் எதைக் கேட்கிறது, எப்போது திருத்துகிறது, எப்போது வாய்மூடி நிற்கிறது என்னும் அமைப்பையே ஊடாட்ட வடிவமைப்பு என்கின்றனர். காட்சி எவ்வளவு தத்ரூபம் என்பது வேறு; இது வேறு. செயல் நடக்கும்போதே இடைவிடாது வழிகாட்டினால் அப்போதைய செயல் சிறக்கும், வழிகாட்டுதல் நீங்கியதும் திறன் சரியும் என்னும் கருத்தைச் சால்மோனி, ஷ்மித், வால்ட்டர் ஆகிய மூவர் 1984-இலேயே எழுதிவிட்டனர். மருமகன் கற்றது வெல்டிங் அன்று, அம்பைத் தொடர்வது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்றை இங்குக் கூறியாக வேண்டும். அறுவை மருத்துவம் பயில்வோர் 16 பேரில் ஒரு பகுதியினர் மெய்நிகர்க் கருவியில் பழகினர். அக்கருவியில் பித்தப்பையும் இல்லை, குருதியும் இல்லை. வெறும் உருண்டைகளும் பெட்டிகளுமே. ஆனால் தேர்ந்த மருத்துவரின் அளவை எட்டும்வரை அவர்களை விடவில்லை. பின்னர் உண்மையான பித்தப்பை அறுவையில் அவர்கள் 29 விழுக்காடு விரைவாகச் செயற்பட்டனர். பிழைகளும் மிகக் குறைவு. மாறாக, மக்ரான்ஸ்கியும் மாணவர்தம் கற்றல் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த மேயரும் பிறரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஆய்வகப் பாடத்தைக் கணினித் திரையில் கற்றோரைவிடக் கவசம் அணிந்து கற்றோர், அங்கேயே இருப்பதுபோன்ற உணர்வை மிகுதியாகப் பெற்றனர், குறைவாகவே கற்றனர். அழகிய காட்சிக்குச் செலவிடுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

தமிழாசிரியர்க்கு ஓர் ஆசை எழுவது இயல்பு. 'மெய்' என்பது உண்மையையும் குறிக்கும், உடம்பையும் குறிக்கும். உயிர்களை அறிவால் பகுக்கும் தொல்காப்பியர் தொடுவுணர்வையே முதலில் வைத்தார்; கண்ணுக்கு நான்காம் இடம், செவிக்கு ஐந்தாம் இடம். கருவியோ நான்காவதில் தொடங்கி ஐந்தாவதைத் தொட்டு, முதலாவதை ஏறக்குறைய மறந்துவிடுகிறது.

கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அன்று அது இருந்திருந்தால் நம் கண் தப்பியிருக்கும். தமிழக அரசு 2022-இல் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தமிட்டு, 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்க முனைந்தது. சென்னையில் ஸ்கில்வெரி என்னும் நிறுவனம் வெல்டிங்குக்கும் வண்ணம் தெளிப்பதற்கும் பயிற்சிக் கருவிகள் உருவாக்கியுள்ளது. நம் பிள்ளைகள் இனி இவற்றில்தான் முதற்கை வைப்பர். ஆகவேதான் அந்த அம்புகளைப் பற்றி இவ்வளவு கவலை.

மருமகனைத் திருப்பூருக்கு அனுப்பாமல் பத்து நாள் தவணை வாங்கியது நாம். கற்பித்தது எழுபத்தாறு வயது அத்தா. முதல் நாள் பேரனின் மணிக்கட்டைத் தம் கையால் பிடித்து ஓட்டினார். ராடு எரிந்து குறையக் குறையக் கை முன்னே நகரவும் வேண்டும், கீழே இறங்கவும் வேண்டும். இடைவெளி ராட்டின் கம்பித் தடிப்பைத் தாண்டலாகாது. மூன்றாம் நாள் கையை எடுத்துவிட்டார். பையன் தடுமாறியபோதும் ஒன்றும் சொல்லவில்லை. ராடு தீர்ந்து, தகடு ஆறி, கசட்டைத் தட்டிய பிறகே, "இங்கே பாரு, இங்கே நீ அவசரப்பட்டே" என்று விரலால் காட்டினார். "கண்ணை மட்டும் நம்பாதே. வடை பொரியற சத்தம் கேக்கணும்" என்றார்.

நாம் பயிற்றுநரிடம் மீண்டும் பேசினோம். இறுதி இரு வாரங்கள் அம்புகளை அணைத்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அணைத்தார். மதிப்பெண்கள் சரிந்தன, பெற்றோர் சிலர் வந்து கேட்டனராம். அவர் பாவம், நமக்காகத் திட்டு வாங்கினார்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் அத்தா திண்ணையில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். உள்ளே பட்டறையில் ராடு பற்றும் ஓசை எழுந்தது. வெடிக்காமல், அடங்காமல், ஒரே சீராகப் பொரிந்தது. நாம் எழப் போனோம். அத்தா கைகாட்டி அமர்த்தினார். ராடு தீரும்வரை கேட்டிருந்துவிட்டு, அஸர் தொழுகைக்கு ஒளு செய்ய எழுந்து சென்றார்.