ஜூனியருக்குச் சம்பளம்

தமிழ்நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளை சட்டக் கல்லூரிக்குள் நுழைவது முன்போல் கடினமில்லை. அரசுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் வந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அம்மாவின் கூலியில் நான் படித்து முடித்தேன். என்னைப்போல் வந்தவர்களில் பலர் இன்று கோர்ட்டில் இல்லை. அவர்கள் விட்டுப்போனது பட்டம் வாங்கிய பிறகு.

முதல் தடை பதிவுக் கட்டணம். வழக்கறிஞர்கள் சட்டப்படி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் மாநில பார் கவுன்சில்கள் 15,000 முதல் 42,000 வரை வாங்கிவந்தன. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதற்கு வெகு முன்பே பதிவு செய்தவள் நான். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார்.

அடுத்தது ஜூனியர் காலம். இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. காலையில் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு சீனியர் பின்னால் போவேன், வாய்தா வாங்குவேன். சாயங்காலம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று மனு அடிப்பேன். சீனியருக்குத் தெரியாது. கட்சிக்காரர் பணம் கொடுத்த நாளில் அவர் பஸ் காசு தருவார். கெட்டவர் இல்லை, தொழிலை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். அவருடைய சீனியரும் அவரை அப்படித்தான் வைத்திருந்தார். "எம் மக வக்கீலு" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்த அம்மாதான் எனக்கு அறை வாடகை அனுப்பினார். அப்பாவின் ஆபீசும் அப்பாவின் கட்சிக்காரர்களும் உள்ளவர்கள் அவசரப்படாமல் காத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு மாதமும், அடுத்த மாதம் ஊருக்குப் போய்விடுவேன் என்றே நினைத்தேன்.

இது வக்கீல்களின் பிழைப்புப் பிரச்சினை மட்டுமில்லை. வழக்கறிஞர் ஒருவர் நேரடி நியமனத்தில் மாவட்ட நீதிபதியாக ஏழு ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும். சிவில் நீதிபதித் தேர்வுக்கும் மூன்று ஆண்டு அனுபவம் தேவை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி விதித்திருக்கிறது. அனுபவம் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் சம்பளமில்லாமல் மூன்று ஆண்டு யாரால் நிற்க முடியும்? நின்றவர்களிலிருந்துதானே நீதிபதிகள் வருவார்கள்!

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாயாவது தரவேண்டும் என்றது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் எந்த ஜூனியர் போய்க் கேட்பார்? சீனியர்மேல் புகார் கொடுத்துவிட்டு அதே கோர்ட்டில் வேறு யார் ஆபீசில் போய்ச் சேர்வது?

என் ஆபீசில் ஒரு ஜூனியர் இருக்கிறாள். 15,000 ரூபாயை மாதம் பிறந்ததும் அவள் கணக்கில் போட்டுவிடுகிறேன். தாலுகா கோர்ட் வருமானத்தில் அது பாரம்தான். சில மாதம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் முதல் தலைமுறை ஜூனியர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்று, நேராக அவர்கள் கணக்கிலேயே போடவேண்டும் என்று கேட்கிறேன். அப்படி வந்தால் நாளைக்கே இன்னொரு பெண்ணையும் சேர்த்துக்கொள்வேன். கேட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.