டார்ஜிலிங் யாருடைய பேர்?

ஒரு பிரெஞ்சுக் கம்பனி பெண்களின் உள்ளாடைக்கு ‘டார்ஜிலிங்’ என்று பேர் வைத்தது. 2010இல் அதை ஐரோப்பிய ஒன்றியத்தில் வியாபாரக் குறியாகப் பதியக் கேட்டது. இந்தியத் தேயிலைச் சபை ஆட்சேபித்தது: அது எங்க தேயிலையின் பேர்.

கம்பனி பக்கத்துப் பதிலின் சாரம் இதுதான்: தேயிலை வேற, உள்ளாடை வேற. வாங்குறவங்க குழம்பமாட்டாங்க. அந்தக் கேள்வியில் இந்தப் பதில்தான் நின்றது. 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் சபையின் மேன்முறையீட்டைத் தள்ளியது. பேரின் புகழில் கம்பனி ஆதாயம் தேடலாம் என்பதை மட்டும் 2015இல் பொது நீதிமன்றம் ஓரளவு ஏற்றிருந்தது.

சட்டப்படி பதில் சரியாத்தான் இருக்கு. எனக்கு உறுத்துறது வேற. எங்க பக்கம் ஆடி, ஆவணியில கச்சான் காத்து வறண்டு அடிக்கும். கொழுந்து மெதுவா வளரும், மணம் ஏறும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த சீசன்தான். அம்மா அந்தக் காத்துலதான் மலையில நிப்பாங்க. உதடு வெடிச்சிடும், விரல் நுனி கறுத்துக் கிடக்கும். டார்ஜிலிங் வழக்கில் ஆட்சேபித்தது சபை, பதில் சொன்னது கம்பனி, குழம்புவாரா என்று யோசிச்சது வாங்குறவரைப் பற்றி. கொழுந்து எடுக்கிறவங்க ஒரு தரப்பே இல்லை.

இருந்தாலும் நான் சபை பக்கம்தான். நாளைக்கு யாராவது சோப்புக்கு ‘ஊவா’ன்னு பதியக் கேட்டா கொழும்பிலிருந்து ஆட்சேபம் போகட்டும். கூடவே பசறைப் பக்கத்துக் கொழுந்துக்காரி ஒருத்தரோட சத்தியக்கடதாசியும் போகணும், அந்த மணம் எந்தக் கையால பெட்டிக்கு வந்ததுன்னு.