வெறுமையாகத் திரும்பிய தட்டு



கணவரின் பணி நிமித்தம் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் நாங்கள் குடியேறிய முதல் வாரமே எதிர்வீட்டு மூதாட்டி ஒரு தட்டு நிறையப் பாஸ்தா கொண்டுவந்து தந்தார். தக்காளிக் குழம்பினூடே சிறு இறைச்சித் துண்டுகள் தெரிந்தன. என்ன இறைச்சி என்று கேட்க நாணிப் புன்னகையோடு வாங்கிக்கொண்டேன். மாலையில் கணவர் பார்த்துவிட்டு, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி என்றார்.

உணவைக் குப்பையில் கொட்டினேன். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, "மிகச் சுவையாக இருந்தது" என்றேன். அண்டை வீட்டாரின் தட்டை வெறுமையாக அனுப்பாதவர் என் உம்மா. நானோ வெறுந்தட்டோடு ஒரு பொய்யையும் சேர்த்தல்லவா அனுப்பினேன்!

என் பாராட்டை நம்பி அடுத்த வாரமும் அவர் வந்தார். இம்முறை என்னால் இயலவில்லை. அரைகுறை இத்தாலி மொழியில் உண்மையைச் சொன்னேன். "அன்று கொடுத்ததை எறிந்துவிட்டாயா?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றார். அதன்பின் இரண்டு வாரம் அவர் கதவு எனக்குத் திறக்கவில்லை. பன்றி இறைச்சியை மறுத்ததற்காக நான் வருந்தவில்லை. பொய் சொன்னதே உறுத்திக்கொண்டிருந்தது.

இளவேனிற் காலத்தின் ஒரு காலையில் கதவைத் தட்டினார். ஒரு கையில் காகிதத்தில் பொதிந்த சாளை மீன்; மறு கையில் காட்டுச் சோம்புத் தழை.

"மீன் உண்பாய் அல்லவா?"

என் அடுப்பிலேயே சமைத்தோம். சோம்புத் தழையை உப்பு நீரில் வேகவைத்து எடுத்து, பச்சையேறிய அதே நீரில் பாஸ்தாவை வேகவிட்டார். நடுவே துளையுள்ள நீண்ட வகை அது. ஒலிவ எண்ணெயில் வெங்காயம் வதங்கியதும் உப்பிட்ட நெத்திலியைக் கரைத்து, உலர்திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ, நறுக்கிய தழை, முள் நீக்கிய சாளை என ஒவ்வொன்றாகச் சேர்த்தார். மீனில் திராட்சையா என்று நான் முகம் சுளித்ததைக் கண்டு சிரித்தார். சிலர் இதில் வெண்மது ஊற்றுவதுண்டாம். அவர் அந்தப் பேச்சோடு நிறுத்திக்கொண்டார். பாலாடைக்கட்டியும் இதற்கு வேண்டியதில்லை. வறுத்த ரொட்டித் தூளையே மேலே தூவுகிறார்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைத்த கட்டியை உண்ணலாமா என்ற கேள்விக்கும் அன்று வேலையில்லாமல் போயிற்று.

மதுவுக்குப் பதில் பழச்சாறு, பன்றிக்குப் பதில் கோழி என்று மாற்றுப் பொருள் தேடியே இத்தாலிய உணவைச் சமைக்க வேண்டும் என எண்ணியிருந்தேன். இதில் மாற்ற எதுவுமே இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முஸ்லிம்கள் ஆண்ட தீவு இது. பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் 'இத்ரிய்யா' என்ற மாவுப்பண்டம் பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்குக் கப்பலேறியதை அல் இத்ரீஸி 1154இல் முடித்த தம் நூலில் எழுதியிருக்கிறார். பாஸ்தாவின் மூதாதை அது.

அவர் மீன் கொண்டுவந்த தட்டை இம்முறை வெறுமையாக அனுப்பவில்லை. இங்குள்ள தமிழர் கடையில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் வாங்கி வட்டிலாப்பம் செய்து கொண்டுபோனேன்.

"இதில் இனிப்பு உண்டா?" என்று கேட்டார்.

"நிறைய" என்றேன்.

"மருத்துவர் தடுத்திருக்கிறார், மகளே. நான் உண்ணமாட்டேன், பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன்" என்று தயக்கமேதுமின்றிச் சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார்.