சீரணி அரங்கம் இருந்த இடம்

சத்துவாச்சாரிக்காரர்களுக்குக் கடல் கிடையாது. மணலுக்குப் பாலாறு, பொதுக்கூட்டத்துக்கு வேலூர் கோட்டை மைதானம். சென்னைக்குப் பஸ் ஏறினால் மட்டும் மெரினாவில் கால் நனைக்காமல் திரும்ப மாட்டார்கள். ஆனால் அங்கே சீரணி அரங்கம் எங்கே இருந்தது என்று இன்றைய கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்!

கடற்கரை மணலிலேயே கட்டிய திறந்தவெளி மேடை அது. அண்ணா தொடங்கிய சீரணித் தொண்டர் படையினர் 1970-ல் கட்டியதால் அந்தப் பெயர். டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார வேண்டியதுதான். எந்தக் கட்சித் தலைவர் பேசினாலும் கடல் காற்று வாங்க வந்தவரும் நின்று கேட்கலாம். பிடிக்கவில்லையா, எழுந்து அலைப் பக்கம் போய்விடலாம். (இந்த வசதி எந்த உள்ளரங்கத்தில் உண்டு?)

மேடை வருவதற்கு முன்பே அந்தக் கடற்கரை பேச்சுக்குப் பழகியதுதான். திலகர் திடல் என்ற பெயரே அதைச் சொல்லும். 1920 ஆகஸ்டில் காந்தி ஒத்துழையாமை பற்றிப் பேசியதும் திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான்.

2003-ல் கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி அரசு அரங்கத்தை இரவோடு இரவாக இடித்தது. அதே ஆண்டு, அதே கடற்கரைச் சாலையில் இருக்கும் ராணி மேரி கல்லூரியை எடுத்துக்கொண்டு தலைமைச் செயலகம் கட்டவும் திட்டம் போட்டார்கள். மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். 1914-ல் தொடங்கிய கல்லூரி பிழைத்தது. எத்தனையோ போராட்டங்களுக்கு இடம் கொடுத்த மேடைக்காக, இடித்த இரவில் உட்கார ஆள் இல்லை.

2001-ல் அகற்றப்பட்ட கண்ணகி சிலை, ஆட்சி மாறியதும் 2006-ல் கடற்கரைக்குத் திரும்பியது. அரங்கம் திரும்பவில்லை. சிலை பேசாது, அதனால் எந்த ஆட்சிக்கும் தொந்தரவு இல்லை என்று நினைக்கத் தோன்றுகிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் அங்கே திரண்டபோது மேடையே தேவைப்படவில்லை. இரவில் செல்போன் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு காவிரிக்காக விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு அதே மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார். ஒருநாள் இருக்கலாம் என்றார் தனி நீதிபதி. மெரினாவில் போராட்டமே கூடாது என்று உயர் நீதிமன்ற அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது.