ஆமைகளைக் காக்கும் றெக்கவக் கடற்கரை

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் வாழும் நம்மில் பலருக்குக் கடல் என்பது படத்தில் பார்க்கும் ஒன்றுதான். மகாவலியைத் தினமும் பார்க்கிறோம். அது போய்ச் சேரும் கடலைக் கண்டவர்கள் குறைவு. ஓய்வுக்காக ஒரு பயணம் போக வேண்டும் என்று பெண்கள் வாய்விட்டுக் கேட்பதும் அரிது. கோயிலுக்கு என்றால்தான் வீட்டில் தலையாட்டுவார்கள்.

ஹந்தானைப் பக்கத்துப் பெண்கள் 14 பேர், மாதாமாதம் சேர்த்த சிறுசேமிப்புப் பணத்தில் வான் பிடித்துக் கதிர்காமம் போனோம். தரிசனம் முடிந்ததும் வந்த வழியே திரும்பாமல், அம்பாந்தோட்டை, தங்காலை, மாத்தறை என்று தென்கரையோரமாக வருவதென்று முடிவு செய்தோம். தங்காலைக்குச் சற்று முன்னால் இருக்கிறது றெக்கவக் கிராமம். உலகில் உள்ள 7 வகைக் கடலாமைகளில் 5 வகைகள் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. றெக்கவவுக்கு அதிகமாக வருவது பேராமை.

இரவு எட்டு மணிக்குப் பிறகு கரையில் கூடினோம். கைப்பேசி வெளிச்சம் கூடாது, படம் எடுக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று காவலர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடுமாம். சில இரவுகளில் ஒரு ஆமைகூட வராது. நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மணலில் உட்கார்ந்திருந்தோம். எங்களில் மூத்த அக்கா, "அவளும் பிள்ளைத்தாய்ச்சிதானே, அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

கடைசியில் ஓர் ஆமை கரையேறியது. நூறு கிலோவுக்கு மேல் எடையிருக்கும் அந்த உடம்பை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, நின்று நின்று மேலே வந்தது. பின்துடுப்புகளால் குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் எங்களைப் பின்பக்கமாக அருகில் விட்டார்கள். வெள்ளைப் பந்துகளைப் போல ஏறக்குறைய நூறு முட்டைகள் ஒரு குழியில் விழும். அதன் கண்ணில் நீர் வழிந்தது. உடம்பில் சேரும் உப்பை அது அப்படித்தான் வெளியேற்றுகிறது என்று அறிந்தும், தாய் அழுவதாகவே எங்களுக்குத் தோன்றியது. குழியை மூடி மணலைச் சமப்படுத்திவிட்டு அது கடலுக்குப் போய்விட்டது. ஏறக்குறைய இரண்டு மாதங்களில் குஞ்சுகள் தாமாகவே வெளிவரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகம் பிறக்கும். பேராமைக் குஞ்சு வளர்ந்து தாயாவதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

கடலாமையைப் பிடிப்பதும் அதன் முட்டையை எடுப்பதும் 1972 முதல் இலங்கையில் சட்டப்படி குற்றம். ஆனாலும் முட்டைகள் தோண்டப்பட்டு விற்கப்பட்டன. பசித்த வீட்டுக்கு அது வருமானம் அல்லவா! 1996இல் இங்கே முட்டைக் குழிகளைக் காக்கும் வேலை தொடங்கியபோது, ஆமைப் பாதுகாப்புத் திட்டத்தினர் அந்த முட்டை எடுப்பவர்களையே காவலர்களாகச் சம்பளத்துக்கு வைத்தார்கள். எந்த இடத்தில் ஆமை ஏறும், எங்கே குழி இருக்கும் என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2006இல் றெக்கவ சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஏழையின் வயிற்றுப்பாட்டுக்கு வழி செய்யாமல் எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது என்பதை இந்தக் கரை நமக்குக் காட்டுகிறது.

கொஸ்கொடப் பக்கம் ஆமைக்குஞ்சு நிலையங்கள் பல உண்டு. 2004 சுனாமியில் பெரும் சேதம் கண்டு மீண்டும் எழுந்தவை அவை. முட்டைகளைக் காசு கொடுத்து வாங்கியாவது காப்பாற்றுகிறோம் என்பது அவர்கள் பக்க நியாயம். ஆனால் பார்வையாளருக்காகக் குஞ்சுகளை நாள்கணக்கில் தொட்டியில் வைத்திருப்பது நல்லதல்ல. பிறந்தவுடன் ஆழ்கடலை நோக்கி நீந்துவதற்கென்று அவற்றுக்குள் இருக்கும் பலம் தொட்டியைச் சுற்றியே தீர்ந்துவிடுகிறது. குஞ்சைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதுவே வளரும்.

மறுநாள் மாத்தறைக்கு அருகே பொல்ஹேனவில் இறங்கினோம். அங்கே பவளப்பாறை அலையைத் தடுப்பதால் கரையோர நீர் ஆழமில்லாமல் அமைதியாக இருக்கும். நீந்தத் தெரியாத நாங்கள் உடுத்த உடையோடு இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, செவ்விளநீர் குடித்து, நடுப்பகல் வரை ஒரு வேலையும் செய்யாமல் இருந்தோம். யாருக்கும் தேநீர் ஊற்ற வேண்டியதில்லை. அந்த ஓய்வும் பெண்களுக்கு உரியதே.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்: ஏப்ரல் முதல் ஜூலை வரை ஆமைகள் அதிகம் வரும். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஊராரைக் கேட்காமல் நீரில் இறங்க வேண்டாம். இரவுக்கு இருண்ட நிற உடை அணியுங்கள்.

போக முடியாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கண்டியில் நாம் ஓடையில் வீசும் பொலித்தீன் பை மகாவலி வழியே திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. ஆமை அதை இழுதுமீன் என்று எண்ணி விழுங்கி இறக்கிறது. கடைக்குப் போகும்போது துணிப்பையைக் கையில் எடுத்தால், மலையில் இருந்தபடியே நாமும் அந்தக் கரைக்குக் காவல் நிற்கலாம்.